துண்டும் துண்டுப் பிரசுரமும்

இலங்கையின் கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டங்களில் நூறு ஆண்டுகளுக்கும் முன்பு தொழிலாளர் மிகவும் அஞ்சிய எழுத்து நாலைந்து வரிக்கு மேல் போகாது. அதற்குப் பெயர் துண்டு. இன்ன கங்காணியின் கீழ் இத்தனை ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் பேரில் இவ்வளவு ரூபாய் கடன் நிற்கிறது, அதைச் செலுத்தினால் அவர்களை விடுவிக்கச் சம்மதம் என்று தோட்டத்துரை கையொப்பமிட்டுக் கொடுக்கும் காகிதம் அது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், ஆட்களைச் சேர்த்து மேற்பார்த்த கங்காணியின் கையில் அது இருந்தாக வேண்டும். புதிய தோட்டத்துத் துரை அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுப்பார். கட்டிய தொகை அவருடைய பேரேட்டில் அதே ஆட்களின் கடனாக ஏறும். அடுத்த துண்டில் அது இன்னும் பெரிய தொகையாக நிற்கும். ஆட்களின் பேரில் கங்காணி எடுத்த முற்பணத்தில் எவ்வளவு தன் கைக்கு வந்தது என்று தொழிலாளிக்குத் தெரிய வழியில்லை. 1921ஆம் ஆண்டுச் சட்டம் இந்த முறையை ஒழித்தது. அந்தப் பழைய காகிதத்தை இங்கே நினைவூட்டக் காரணம் உண்டு. இணையத்தில் எழுதுவோருக்கு இன்று எல்லோரும் சொல்லும் முதல் புத்திமதி சுருக்கமாக எழுது என்பது. அந்த அளவுகோலை எடுத்து இந்தத் துண்டின் மேல் வைத்துப் பாருங்கள். வீண் சொல் ஒன்றில்லை. அடைமொழி இல்லை. தொகை தெளிவாக இருக்கிறது. ஆனாலும் யாருடைய வாழ்க்கை அதில் எழுதப்பட்டிருந்ததோ அவர்களுக்கு அதைப்போல் விளங்காத எழுத்து வேறொன்று இருந்ததில்லை.

தோட்டத்தின் மற்ற எழுத்துகளும் இப்படித்தான். விடியற்காலையில் தப்பு மேளச் சத்தம் கேட்டுப் பிரட்டுக்களத்தில் கூடியவர்களின் அன்றைய உழைப்பு செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஒரு கோடாகவோ புள்ளியாகவோ பதிந்தது. முழு நாள் வேலைக்கு ஒரு பேர். எடுத்த கொழுந்து கணக்குக்குக் குறைந்தாலோ வேலையில் குற்றம் கண்டாலோ அரைப்பேர். ஒரு குடும்பத்தின் அன்றைய அரிசி அந்த ஒற்றைக் குறியில் அடங்கியிருந்தது. இந்த எழுத்தைப் படிப்பவர் துரையும் கணக்கப்பிள்ளையும்தான். எத்தனை ஆள், எத்தனை றாத்தல், எவ்வளவு கடன் என்ற அவர்களின் கேள்விகளுக்கு அது உடனே விடை சொன்னது. என் கடன் எப்படி இவ்வளவு ஆனது, நேற்று ஏன் எனக்கு அரைப்பேர் விழுந்தது என்று தொழிலாளி கேட்க நினைத்த கேள்விகளுக்கு அங்கே ஒரு வரி கூட இடமில்லை. தெளிவு என்பதைச் சொற்களை எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது, அந்த எழுத்து யாருடைய கேள்விக்கு விடையாக எழுதப்பட்டது என்று கேட்டால்தான் அது தெரியும் என்பதே என் வாதம். கேள்வி கேட்பவர் மாறினால் அதே நாலு வரி இருட்டாகிவிடும். இந்தத் தோட்டங்கள் உள்ள மலையகத்தில் எழுத்து கடந்து வந்த பாதை இதற்குச் சான்று.

துண்டு என்ற அதே சொல்லை வைத்தே அதற்கு எதிரான எழுத்தும் வந்தது என்பது தமிழின் ஒரு நல்ல பொருத்தம். துண்டு ஒழிந்த காலத்தில்தான் கோ. நடேசய்யர் இலங்கையில் துண்டுப் பிரசுரங்களை அச்சிடத் தொடங்கினார். தஞ்சாவூர்க்காரர், 1887இல் பிறந்தவர், ஊரிலேயே பத்திரிகை நடத்திப் பழகியவர். கொழும்புக்கு வந்து தேசநேசன், தேசபக்தன் ஆகிய பத்திரிகைகளை நடத்தி, சட்டசபைக்குள் நுழைந்து, பிறகு அட்டனுக்குக் குடிபெயர்ந்து 1931இல் தோட்டத் தொழிலாளர்களுக்கென ஒரு சம்மேளனத்தை நிறுவினார். தோட்டங்கள் அப்போது தனியார் நிலம். வெளியார் நுழைந்தால் அத்துமீறல் வழக்கு. அவர் புடவை வியாபாரியைப்போல வேடமிட்டு, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களுக்குள் போய் மக்களைக் கண்டார் என்பது மலையகம் இன்றும் சொல்லும் செய்தி. அவர் எதிர்கொண்ட சிக்கலை எழுத்துத் தொழிலின் கண்ணோடு பார்க்க வேண்டும். சட்டம் ஆங்கிலத்தில் இருந்தது. யாருக்காக அது இயற்றப்பட்டதோ அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தமிழும் படிக்கத் தெரியாது. 1927இல் இந்தியத் தொழிலாளர்களுக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்து, 1929இல் மேல் மலைநாட்டுக்கு ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என்று கூலி நிர்ணயமானபோது, அந்த மூன்று எண்களும் லயத்துக்குப் போய்ச் சேராவிட்டால் சட்டம் இருந்தும் இல்லாததுதான்.

நடேசய்யர் இரண்டு வழிகளில் சட்டத்தை லயத்துக்குக் கொண்டுசேர்த்தார். தொழிலாளர் சட்டங்கள் என்ன சொல்கின்றன என்பதைப் பேச்சுத் தமிழுக்கு அருகில் உள்ள உரைநடையில் விளக்கி எழுதினார். லயத்தில் எழுத்தறிந்தவர் ஒருவர் இருந்தால் போதும், அவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்கலாம். இரண்டாவது வழி பாட்டு. அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் தொழிலாளர் துயரத்தைச் சிந்தாக எழுதி, கூட்டங்களில் தாமே பாடி, சிறு பிரசுரங்களாக அச்சிட்டுப் பரப்பினார். தெம்மாங்கும் சிந்தும் கேட்டு வளர்ந்த காதுக்குள் செய்தி அந்த மெட்டிலேயே நுழைந்தது. பாட்டு சுருக்கமான வடிவமா? நாலு வரியில் சொல்லக்கூடியதை அது நாற்பது வரியில் சொல்கிறது, பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறது. இணைய எழுத்தைத் திருத்தும் ஆசிரியர் ஒருவர் கையில் அது கிடைத்தால் பாதியை அடித்துவிடுவார். காகிதத்தை வைத்துக்கொள்ள முடியாதவருக்கு அந்தத் திரும்ப வருதல்தான் காகிதம். பாடி முடிந்தபின் மனத்தில் நிற்பது எது என்று அளந்தால், அந்த நீண்ட வடிவமே சிக்கனமானது.

எளிமையாகச் சொல்வது என்றால் மக்களுக்கு இவ்வளவு போதும் என்று விஷயத்தை நீர்க்கச் செய்வதுதானே என்று ஒரு மறுப்பு எப்போதும் எழும். படித்தவர்கள் பலருக்கு எளிய எழுத்தின் மேல் உள்ள ஐயம் இதுவே, அது நியாயமான ஐயமும்கூட. நடேசய்யரின் காலம் அதற்கு விடை வைத்திருக்கிறது. தொழிலாளிக்குத் தேவைப்பட்டது சட்டத்தின் சாரம் என்ற பெயரில் ஒரு பொது ஆறுதல் இல்லை. 54 சதம் என்ற துல்லியமான எண், அது மறுக்கப்பட்டால் யாரிடம் போக வேண்டும் என்ற விவரம், இவையே தேவைப்பட்டன. எளிமையாக்கும்போது உதிர வேண்டியது சட்டமொழியின் சுற்றுவழி. எண்ணும் நாளும் இடமும் உதிரக் கூடாது. நீர்த்துப்போன எழுத்தை இனங்காண்பது எளிது: அதில் பொதுச்சொற்கள் மிஞ்சியிருக்கும், எண்கள் காணாமல் போயிருக்கும்.

துல்லியமான விளக்கம் இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதற்கு மலையகம் கொடுத்த விலையும் பதிவாகியிருக்கிறது. 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது. 1949இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம் என்றது. மணமானவர் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் தொடர்ச்சியாக இலங்கையில் வசித்ததைக் காட்ட வேண்டும். இந்திய வம்சாவளியினரின் அமைப்பான இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் அந்தச் சட்டத்தைப் புறக்கணித்துப் பின்னர் முடிவை மாற்றிக்கொண்டதால், 1951இன் இறுதித் தவணை நெருங்கியபோதே விண்ணப்பங்கள் குவிந்தன. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பிக்கப்பட்டு, 1964 வரையில் குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு மட்டுமே. படிவங்கள் தெளிவாக இருந்திருந்தால் எல்லோருக்கும் கிடைத்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சட்டத்தின் நோக்கமே வெளியே தள்ளுவதுதான், நல்ல நடை அதை மாற்றியிருக்காது. ஆனால் நிராகரிக்கும் அதிகாரிக்கு, விளங்காத படிவம் ஒரு வசதியான ஆயுதமாக இருந்தது. பிறப்புப் பதிவு இல்லை, இடையில் இந்தியாவுக்குப் போய்வந்த நாட்களுக்குக் கணக்கில்லை என்று விண்ணப்பங்கள் விழுந்தன. அந்தப் படிவமும் அரசாங்கம் கேட்ட கேள்விகளுக்கான காகிதம்தான், துண்டின் இன்னொரு பிறவி.

மத்திய மலைநாட்டின் கொத்மலையில் இந்த வரலாறு எதிர்பாராத திசையில் திரும்பியது. மகாவலித் திட்டத்தின் கீழ் 1979 முதல் 1985 வரை சுவீடன் உதவியோடு கொத்மலை ஓயாவின் குறுக்கே அணை எழுந்தபோது பழைய வயல்களும் கோயில்களும் தேயிலை நிலங்களும் நீருக்குள் போயின, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம் மாறின. மகாவலிக் குடியேற்றங்களுக்கென்று இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் யுனெஸ்கோ, டென்மார்க் ஆகியவற்றின் உதவியோடு 1980களின் தொடக்கத்தில் ஒரு சமூக வானொலித் திட்டத்தை ஆரம்பித்திருந்தது. தயாரிப்பாளர்கள் ஒரு கிராமத்துக்குப் போய்ச் சில நாட்கள் தங்கி, அந்த மக்களையே பேசவைத்து நிகழ்ச்சி செய்வது அதன் முறை. அந்தத் திட்டத்தின் கிளையாக 1989இல் கொத்மலை சமூக வானொலி பிறந்தது. சுற்றியுள்ள கிராமங்களிலும் தோட்டங்களிலும் சிங்களம், தமிழ் ஆகிய இரு மொழி பேசுவோரும் இருந்தார்கள். ஒலிபரப்பில் பெரும்பங்கு சிங்களத்தில் இருந்தபோதும் தமிழுக்கும் இடமிருந்தது. 1998, 99இல் யுனெஸ்கோவும் இலங்கை அரசின் தகவல் தொடர்பு நிறுவனங்களும் சேர்ந்து இந்தச் சிறிய வானொலி நிலையத்துக்கு நிரந்தர இணைய இணைப்பு ஒன்றைக் கொடுத்தன. கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் பொதுமக்கள் பயன்படுத்தக் கணினிகள் வைக்கப்பட்டன. கொழும்பின் அலுவலகங்களுக்கு வெளியே இணையத்தைக் கண்டவர்கள் நாட்டில் மிகச் சிலராக இருந்த காலம் அது. கணினியில் தமிழும் அப்போது நிலைபெற்றிருக்கவில்லை. சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த மாநாட்டில்தான் தமிழுக்கு ஒரு பொது விசைப்பலகை முடிவானது. அதற்குப் பிறகும் ஒரு தளத்தின் தமிழ் எழுத்துரு இன்னொரு கணினியில் குப்பையாகத் தெரிந்த காலம் நீண்டது.

கொத்மலை வானொலியில் நடந்த நிகழ்ச்சியின் அமைப்புதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். நேயர்கள் கடிதத்திலோ தொலைபேசியிலோ ஒரு கேள்வியை அனுப்புவார்கள். நிலையத்தின் இளம் தொண்டர்கள் அதற்கான பக்கங்களை இணையத்தில் தேடிச் சேமிப்பார்கள். ஒலிபரப்பின்போது அறிவிப்பாளர் அந்தப் பக்கத்தைத் திறந்து, அதில் இருப்பதை நேயரின் மொழியில் எடுத்துச் சொல்வார். உடல்நலம் பற்றிய கேள்வியானால் அருகில் ஒரு மருத்துவர் இருப்பார், சட்டம் பற்றியதானால் வழக்கறிஞர் இருப்பார். அந்தப் பக்கம் சொல்வது இந்த ஊருக்கு எப்படிப் பொருந்தும் என்று அவர்கள் பேசுவார்கள். கணினியைத் தொடாமலே ஒரு பள்ளத்தாக்கு இணையத்தைப் பயன்படுத்தியது. உலகின் பல நாட்டு ஆய்வாளர்கள் கொத்மலைக்கு வந்து பார்த்தார்கள். 2001 ஜனவரியில் யுனெஸ்கோ அங்கே ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கை நடத்தி, சமூக வானொலியையும் கணினி நிலையத்தையும் இணைக்கும் மாதிரியைப் பிற நாடுகளுக்கும் கொண்டுபோனது. கொத்மலையின் புதுமையை எல்லோரும் தொழில்நுட்பத்தில் கண்டார்கள். எனக்கோ அது எழுத்தின் வரிசையைத் தலைகீழாக்கியது பெரிதாகத் தெரிகிறது. வழக்கமாகப் பக்கம் முதலில் எழுதப்படுகிறது, வாசகர் பிறகு வருகிறார். அங்கே கேள்வி முதலில் வந்தது.

கொத்மலைக்கு இணையம் வருவதற்குச் சற்று முன்னர், 1997இல், அமெரிக்காவில் ஜேக்கப் நீல்சனும் ஜான் மோர்க்ஸும் இணைய எழுத்தைப் பற்றி நடத்திய ஆய்வு இன்றைய புத்திமதிகள் பலவற்றுக்கு ஊற்று. நெப்ராஸ்கா மாநிலச் சுற்றுலாவைப் பற்றிய ஒரே பக்கத்தை ஐந்து விதமாக எழுதி வாசகர்களிடம் கொடுத்தார்கள். சொற்களைப் பாதியாகக் குறைத்த பக்கம் பயன்பாட்டில் 58 விழுக்காடு மேம்பட்டது. மேலோட்டமாகப் பார்க்க வசதியாகப் பிரித்து எழுதியது 47 விழுக்காடு, தற்பெருமையை நீக்கியது 27 விழுக்காடு, மூன்றையும் சேர்த்துச் செய்தது 124 விழுக்காடு. புதிய பக்கத்தைத் திறந்தவர்களில் 79 விழுக்காட்டினர் மேலோட்டமாகவே பார்த்தார்கள் என்றும் கண்டார்கள். இந்த முடிவுகளை நான் மறுக்கவில்லை. கொத்மலை அறிவிப்பாளரும் பாதிக்கு மேல் வெட்டித்தான் ஆக வேண்டும். தற்பெருமை வரிகள் தாமாகவே விழும், ஏனெனில் எந்த நேயரும் அவற்றைக் கேட்டு எழுதுவதில்லை. ஆனால் நெப்ராஸ்கா எங்கே இருக்கிறது, பூங்கா என்றால் என்ன என்று அந்த ஆய்வில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்தை எழுதியவரும் படித்தவரும் ஒரே உலகத்தில் இருந்தார்கள். அந்த நிலையில் சொல்லைக் குறைப்பது லாபம். கொத்மலையிலோ ஓர் ஆங்கில மருத்துவப் பக்கத்தைப் பாதியாக வெட்டி அப்படியே மொழிபெயர்த்தால் விளங்காத பாதி மட்டும் மிஞ்சும். நோயின் உள்ளூர்ப் பெயர், மருந்து கிடைக்கும் ஆஸ்பத்திரி, வேலை நாளில் அங்கே போக முடியுமா என்பது, இவை மூலப் பக்கத்தில் இல்லாதவை, சேர்க்கப்பட வேண்டியவை. ஒரு பக்கம் வெட்டு, மறுபக்கம் சேர்ப்பு. சொல் எண்ணிக்கை கூடியும் விடை அருகே வந்திருக்கும்.

இந்த உதாரணத்துக்கு எதிராகச் சொல்லத்தக்கவை உண்டு. வானொலி பேச்சுத்தானே, எழுத்தாகுமா என்பது முதலாவது. தோட்டப்புறத்தில் எழுத்து எப்போதும் ஒருவர் படிக்கப் பலர் கேட்பதாகவே பயணப்பட்டது என்பதை நடேசய்யர் காலம் காட்டுகிறது. இன்றும் கைத்தொலைபேசிக்கு வரும் செய்தியைப் பேத்தி படிக்கப் பாட்டி கேட்கிறாள். உரக்கப் படித்தால் மூச்சு முட்டும் வாக்கியம் திரையிலும் விளங்காது. இரண்டாவது மறுப்பு கனமானது. கேள்விகளில் எதை எடுப்பது, பக்கத்தில் எதைச் சொல்வது என்பதை நிலையம் முடிவு செய்தது, அந்த நிலையமோ அரசுக் கூட்டுத்தாபனத்தின் கையில் இருந்தது. சம்பளப் போராட்டத்தையோ காணி உரிமையையோ பற்றி நடேசய்யரின் பிரசுரம் பேசிய குரலில் ஓர் அரசு ஒலிவாங்கி பேச முடியாது. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் கேட்கும் உரிமை நேயரிடம் இருந்தது. பதில் வராத கேள்வியும் கேட்கப்பட்ட கேள்வியாக நின்றது. துண்டிலும் செக்ரோலிலும் குடியுரிமைப் படிவத்திலும் அந்த அளவுக்குக்கூட இடம் இருக்கவில்லை.

இப்போது ஒவ்வொரு லயத்திலும் கைத்தொலைபேசி இருக்கிறது, இடைத்தரகர் எதற்கு என்பது மூன்றாவது மறுப்பு. கருவி கைக்கு வந்துவிட்டது, எழுத்து வந்துவிட்டதா என்பதை ஒரே ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழைக்காலங்களில் மண்சரிவு எச்சரிக்கைகளை இணையத்தில் வெளியிடுகிறது. முதலாம் நிலை மஞ்சள், அவதானமாக இருக்க வேண்டும். இரண்டாம் நிலை செம்மஞ்சள், வெளியேறத் தயாராக வேண்டும். மூன்றாம் நிலை சிவப்பு, வெளியேற வேண்டும். 24 மணி நேரத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் மழை என்பவை அந்த நிலைகளுக்கான அளவுகள். மூன்று நிறம், மூன்று செயல்: நல்ல சுருக்கம், நீல்சனின் தேர்வில் வெல்லக்கூடியது. ஆனால் பட்டியல் பிரதேச செயலகப் பிரிவுகளின் பெயரால் வருகிறது. லயத்தில் இருப்பவர் தன் இடத்தைத் தோட்டத்தின் பெயராலும் டிவிசனின் பெயராலும் அறிவார். எங்கள் லயம் இதில் சேருமா, இரவே கிளம்புவதா விடிந்தபின்னா, கோயிலுக்குப் போவதா பள்ளிக்கூடத்துக்குப் போவதா என்பவை அவருடைய கேள்விகள். மில்லிமீற்றர் அவர் கையில் அளக்க முடியாதது. லயத்தின் பின்சுவரை ஒட்டி நிலம் வெடித்திருக்கிறதா, மரம் சாய்கிறதா, ஊற்று திடீரென்று கலங்கிவருகிறதா என்பவை அவர் கண்ணால் காணக்கூடியவை. அந்த அறிகுறிகளை நிறுவனமே அறிந்து வைத்திருக்கிறது, மக்களுக்குச் சொல்லியும் வருகிறது. அவசர நேரத்தில் வரும் அந்த மூன்று வரிக்குள் அவை ஏற வேண்டும், அதுவே எஞ்சிய வேலை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் மத்திய மலைநாட்டுச் சரிவுகள் இடிந்து விழுந்து உயிர்களைக் கொண்டுபோன பிறகு இதைத் தள்ளிப்போடக் காரணமில்லை.

அரசகரும மொழி என்ற இடம் தமிழுக்கு 1987இலேயே அரசியலமைப்பில் கிடைத்துவிட்டது. அதன்பின் தமிழில் எழுதுவதைக் கடைசி நேர மொழிபெயர்ப்பாகச் செய்வது அலுவலகங்களின் வழக்கமாக நீடிக்க வேண்டியதில்லை. பிரதேச செயலகத்திலோ வேறு திணைக்களத்திலோ மலையக மக்களுக்கு அறிவித்தல் எழுதும் உத்தியோகத்தர்களிடம் ஒன்று கேட்கிறேன். தளத்தில் ஏற்றுவதற்கு முன், அந்த அறிவித்தலை ஒரு லயத்து வாசலில் யாரையாவது உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். கேட்பவர்கள் திரும்பக் கேட்கும் முதல் மூன்று கேள்விகளைக் குறித்துக்கொண்டு, அவற்றின் விடைகளை முதல் மூன்று வரிகளாக வைத்து மறுபடி எழுதுங்கள். மழைக்காலங்களில் அந்த மண்சரிவு எச்சரிக்கைப் பட்டியலில் கொத்மலையின் பெயரும் வருகிறது.